நிலக்கரியை எடுத்தால் நிலம் தாழுமா?

கங்கைகொண்ட சோழபுரத்திற்கு நீங்கள் சென்றதுண்டா? பெரிய கோயிலைப் பார்த்துவிட்டுத் தென்மேற்கே சிறிது தொலைவு சென்றால் மாளிகைமேடு என்னும் இடம் வரும். முதலாம் இராசேந்திர சோழன் தன் அரண்மனையை எழுப்பிய இடம் அது. 1980-களில் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்தபோது செங்கற்சுவர்களின் அடிப்பகுதிகள் வெளிப்பட்டன. ஏறத்தாழ 250 ஆண்டுகள் ஒரு பேரரசின் தலைநகராக விளங்கிய ஊரின் மாளிகை, இன்று மண்ணுக்குள் கிடக்கும் செங்கல் வரிசை!

என் மாணவர்களை ஒருமுறை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். அவர்களில் ஒருவன் ஜெயங்கொண்டத்துக்கு அருகிலுள்ள சிற்றூரைச் சேர்ந்தவன். அகழ்ந்த குழியின் ஓரத்தில் நின்றுகொண்டு அவன் கேட்டான்:

“சார், எங்க ஊர் மண்ணுக்கு அடியில கரி இருக்குன்னு சொல்றாங்க. அதை வெட்டி எடுத்தா இந்தக் கோயில் கீழே இறங்கிடுமா?”

மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல கேள்வி அது. “ஆம்” என்றோ “இல்லை” என்றோ ஒரு சொல்லில் அதற்கு விடை கூற இயலாது. நிலக்கரியை எடுக்கும்போது நிலமட்டம் மூன்று வழிகளில் மாறக்கூடும். முதலாவது, சுரங்கத்தின் கூரை இடிந்து தரை சரிவது. இரண்டாவது, தரையையே வெட்டி அகற்றிவிடுவது. மூன்றாவது, நிலத்தடி நீரை இறைப்பதால் மண் அமுங்கித் தாழ்வது. இம்மூன்றையும் வரிசையாக நோக்குவோம். கதை வங்காளத்தில் தொடங்குகிறது.

கூரையைத் தாங்கிய கரி

1774-ஆம் ஆண்டு ஜான் சம்னர், சூட்டோனியஸ் கிராண்ட் ஹீட்லி என்ற இரு ஆங்கிலேயர்கள் தாமோதர் ஆற்றங்கரையில் ராணிகஞ்ச் பகுதியில் நிலக்கரி வெட்டத் தொடங்கினர். இந்தியாவில் நிலக்கரித் தொழிலின் தொடக்கமாக இதைக் குறிப்பிடுவர். அடுத்த எண்பது ஆண்டுகள் தொழில் மெதுவாகவே நடந்தது. 1855-இல் ஹௌராவிலிருந்து ராணிகஞ்சுக்கு இருப்புப் பாதை வந்து சேர்ந்தது. நீராவி எஞ்சின்களுக்குக் கரி வேண்டும். கரியைக் கொண்டுசெல்ல எஞ்சின்கள் வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்ததும் சுரங்கங்கள் பெருகின. பின்னர் ஜாரியா வயலிலும் வெட்டு தொடங்கியது.

அங்கே கையாண்ட முறை எளிமையானது. பூமிக்கடியில் கரிப்படுகைக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பாதைகளைக் குடைந்து கரியை எடுப்பார்கள். பாதைகளுக்கு இடையே சதுரமான கரித் தூண்களை விட்டுவைப்பார்கள். ஆயிரங்கால் மண்டபத்தின் கற்றூண்கள் மேற்கூரையைத் தாங்குவதுபோல, இக்கரித் தூண்கள் மேலுள்ள பாறையைத் தாங்கும். ஆனால் மண்டபத்துத் தூணை விற்றுப் பணமாக்க எவரும் எண்ணுவதில்லை. சுரங்கத்துத் தூணோ விலைபோகும் சரக்கு. எனவே சுரங்கத்தை மூடும் தறுவாயில் தூண்களையும் செதுக்கினார்கள். அவை மெலிந்தன, சில முற்றிலும் நீங்கின. எங்கே எவ்வளவு வெட்டினோம் என்பதற்கு வரைபடம்கூட இல்லாமல் கைவிடப்பட்ட பழைய சுரங்கங்களும் அங்கே உண்டு.

தூண் இல்லாத கூரை விழும். அப்போது தரையும் குழியுமா? இங்கே ஓர் எளிய கணக்கு இருக்கிறது.

தென்னம்பிள்ளை வைக்கக் குழி தோண்டியிருக்கிறீர்களா? தோண்டிய மண்ணை அப்படியே திரும்பப் போட்டால் குழி நிரம்பிய பின்னும் கொஞ்சம் மண் மிஞ்சும். இறுகிக் கிடந்த மண் உடைந்ததும் இடையிடையே காற்றிடம் உண்டாகி அதன் பருமன் கூடிவிடுகிறது. பாறையும் அப்படியே. உடைந்த பாறையின் பருமன் 20 விழுக்காடு கூடுவதாகக் கொள்வோம். 2 மீட்டர் தடிப்புள்ள கரிப்படுகையை எடுத்துவிட்டோம். மேலிருந்து பாறை உடைந்து விழுகிறது. 10 மீட்டர் உயரப் பாறை உடைந்தால் அது 12 மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதாவது தன் 10 மீட்டரோடு, கரி இருந்த 2 மீட்டரையும் நிரப்பிவிடும். அதற்குமேல் உள்ள பாறை உடைந்து விழ இடமில்லை.

ஆகவே 2 மீட்டர் படுகை 200 மீட்டர் ஆழத்தில் இருந்தால், தரையில் திடீர்க் குழி விழாது. ஆனால் 6 மீட்டர் படுகை 25 மீட்டர் ஆழத்திலேயே இருந்தால்? இதே கணக்கின்படி வெற்றிடம் நிரம்ப 30 மீட்டர் பாறை உடைய வேண்டும். இருப்பதோ 25 மீட்டர்தான். ஆகவே குழி தரையை எட்டிவிடும்! முந்தைய நாள் வரை வீட்டு முற்றமாக இருந்த இடம் மறுநாள் பள்ளமாகும். தடித்த படுகைகள் மேலாகக் கிடக்கும் ஜாரியாவிலும் ராணிகஞ்சிலும் இத்தகைய சரிவுகள் நேர்ந்ததற்குக் காரணம் இதுவே.

இத்தோடு தீயும் சேர்ந்துகொண்டது. நிலக்கரி காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் மெல்ல இணைந்து வெப்பத்தை வெளியிடும். வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் கரி தானே தீப்பற்றும். ஜாரியாவில் 1916-இலேயே நிலத்தடித் தீ கண்டறியப்பட்டது. தரை சரிந்தால் விரிசல், விரிசல் வழியே காற்று, காற்றினால் தீ, தீ தூண்களைத் தின்பதால் மீண்டும் சரிவு. இந்தச் சுழல் நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது.

மருந்து இல்லாமல் இல்லை. வெற்றிடத்தில் நீரோடு மணலைக் கலந்து செலுத்தி நிரப்பலாம். இதற்கென 1939-இலேயே சட்டம் இயற்றப்பட்டது. தாமோதர் மணல் சுரங்கங்களுக்குள் போயிற்று. ஆனால் கரி எடுப்பதில் வரவு உண்டு. மணல் நிரப்புவதில் செலவுதான் உண்டு. 1971 முதல் 1973 வரை சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. ஜாரியா, ராணிகஞ்ச் பகுதிகளில் தீயையும் சரிவையும் சமாளித்து மக்களை வேறிடத்தில் குடியமர்த்தும் பெருந்திட்டத்திற்கு மைய அரசு 2009-இல் ஒப்புதல் அளித்தது. 1774-இல் தொடங்கிய வேலைக்குரிய செலவுச் சீட்டு, 235 ஆண்டுகளுக்குப் பின் வந்து சேர்ந்தது எனலாம்.

விளிம்பில்தான் விரிசல்

ஆழமான சுரங்கத்தால் திடீர்க் குழி விழாது என்றேன். அப்படியானால் தரை தாழவே தாழாதா? தாழும், ஆனால் மெல்ல, அகலமாக. கயிற்றுக் கட்டிலின் நடுவில் ஒருவர் அமர்ந்தால் கட்டில் முழுவதும் தொய்வதுபோல, பரந்த நிலப்பரப்பு ஒரு தாம்பாளம்போலக் குழிகிறது.

இதில் இரு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, தாழும் பரப்பு வெட்டிய பரப்பைவிடப் பெரியது. பிரிட்டிஷ் நிலக்கரி வயல்களில் அளந்து பார்த்தபோது, வெட்டிய இடத்தின் விளிம்பிலிருந்து செங்குத்துக் கோட்டுக்கு ஏறத்தாழ 35 பாகை சாய்வில் பாதிப்பு பரவுவதாகக் கண்டனர். 300 மீட்டர் ஆழத்தில் வெட்டினால், 35 பாகையின் டேஞ்சென்ட் மதிப்பான 0.7-ஆல் பெருக்கிப் பாருங்கள். வெட்டிய எல்லைக்கு வெளியே 210 மீட்டர் வரை தரை அசையும். “என் வீட்டுக்குக் கீழே சுரங்கமே இல்லையே, சுவர் ஏன் வெடிக்கிறது?” என்று கேட்பவருக்கு விடை இதில் இருக்கிறது.

இரண்டாவது, ஒரு கட்டடம் முழுவதும் ஒரே அளவாகத் தாழ்ந்தால் அதற்குப் பெரிய கேடில்லை. ஒரு மூலை 10 சென்டிமீட்டரும் மறுமூலை 2 சென்டிமீட்டரும் தாழ்ந்தால்தான் சுவர் பிளக்கும். தாம்பாளத்தின் நடுவில் தரை நெருக்கப்படுகிறது. விளிம்பை ஒட்டி இழுபடுகிறது. செங்கல்லும் கல்லும் நெருக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்கா. எனவே விரிசல் விளிம்பில் தோன்றுகிறது.

ஜெர்மனியின் ரூர் பகுதி இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. அங்கே சில இடங்கள் 20 மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிட்டன. ஆற்றைவிடத் தாழ்ந்த இடத்தில் ஊர் இருந்தால் மழைநீர் எங்கே போகும்? இறைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். ஜெர்மனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. ஆனால் நீரிறைக்கும் எந்திரங்களை நிறுத்த முடியாது. நிறுத்தினால் ஊர்கள் ஏரியாகிவிடும்.

நெய்வேலியின் பொங்கும் நீர்

இனி நம் ஊருக்கு வருவோம். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து வடக்கே நேர்க்கோட்டில் 40 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் நெய்வேலி இருக்கிறது. 1930-களில் அங்கே ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு இறக்கியபோது, நீரோடு கரிய பொருளும் வெளிவந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1943 முதல் 1946 வரை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் துளையிட்டு அதன் பரப்பை ஆராய்ந்தனர். 1956 நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் தோன்றியது. 1957 மே 20-ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில்தான் கரி கண்ணுக்குத் தெரிந்தது.

நான்கு ஆண்டுகள் ஏன் ஆயின? ராணிகஞ்சைப்போல இங்கே உறுதியான பாறைக் கூரை இல்லை. கரியின் மேல் இருப்பது மணலும் களிமண்ணும் இறுகாத மணற்கல்லும்தான். அடியில் குடைந்தால் நில்லாது. எனவே மேல்மண் முழுவதையும் வாரி அகற்றியாக வேண்டும். அதைவிடப் பெரிய இடையூறு கரிக்குக் கீழே இருந்தது. அங்கே நீர் நிறைந்த மணற்படுகை ஒன்று பெரும் அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. துளையிட்டால் நீர் தானாகவே பொங்கி மேலேறும்.

அந்த அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை என்று கணக்கிட்டார்கள். 1 கிலோகிராம் அழுத்தம் 10 மீட்டர் நீர்த்தூணுக்குச் சமம். ஆகவே 7 கிலோகிராம் என்றால் 70 மீட்டர் நீர்த்தூண். இதை மனத்தில் கொண்டு ஒரு கணக்குப் போடுவோம்.

60 மீட்டர் மேல்மண். அதன் ஒப்படர்த்தி 2. இது 120 மீட்டர் நீர்த்தூணுக்குச் சமம். அதன்கீழ் 15 மீட்டர் கரி. அதன் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.15. இது 17 மீட்டர் நீர்த்தூணுக்குச் சமம். மேலிருந்து அமுக்குவது மொத்தம் 137. கீழிருந்து தள்ளுவது 70. பூமி அமைதியாக இருக்கிறது. இப்போது மேல்மண்ணை அகற்றிவிட்டோம். மேலே 17; கீழே 70. என்ன நிகழும்? கரிப்படுகையே தட்டுப்போல மேலெழும்பி வெடிக்கும், சுரங்கம் வெள்ளக்காடாகும்.

எனவே கரியைத் தொடுவதற்கு முன்பே சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் இறக்கி, இரவும் பகலும் நீரை இறைத்து, அழுத்தத்தைக் குறைத்தார்கள். 1961-இல் தொடங்கிய அந்த இறைப்பு இன்றும் தொடர்கிறது. நம் பொறியாளர்களும் தொழிலாளர்களும் நிகழ்த்திய பெருஞ்செயல் இது. தமிழ்நாட்டின் விளக்குகள் பல அதனால் எரிந்தன. இதை மறுக்க நான் இக்கட்டுரையை எழுதவில்லை. ஆனால் இறைத்த நீர் ஒரு சுமையையும் தாங்கிக்கொண்டிருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நீர் தாங்கும் சுமை

ஒரு கனத்த மூட்டையை இருவர் கழியில் கோத்துத் தோளில் தூக்கிச் செல்கிறார்கள். ஒருவர் மெல்லத் தோளைத் தாழ்த்திக்கொண்டால், பாரம் மற்றவர் மேல் இறங்கும். நிலத்தடியிலும் இப்படித்தான். மேலுள்ள மண்ணின் எடையை மணற்பருக்கைகளும், இடையிலுள்ள நீரின் அழுத்தமும் பங்கிட்டுக்கொள்கின்றன. நீரழுத்தம் குறைந்தால், அந்தப் பங்கும் பருக்கைகள் மேல் விழுகிறது. 1920-களில் கார்ல் டெர்சாகி என்ற பொறியியல் அறிஞர் இவ்வுண்மையைத் தெளிவாக்கினார்.

அளவைப் பாருங்கள். இத்தகைய அடைபட்ட படுகையில் நீரின் எழுமட்டம் 1 மீட்டர் இறங்கினால், பருக்கைகள் மேல் சதுர மீட்டருக்கு 1 டன் சுமை கூடும். 10 மீட்டர் இறங்கினால் 10 டன்! சுரங்கக் குழிக்குள் மேல்மண்ணை அகற்றிவிட்டதால் இச்சுமை இல்லை. குழிக்கு வெளியே, வயலும் வீடும் இருக்கும் இடத்தில், மேல்மண் அப்படியே இருக்க நீரழுத்தம் மட்டும் குறைகிறது. மண்வெட்டி எட்டாத தொலைவுக்கும் இந்தக் குறைவு பரவும்.

சுமை கூடினால் மண் அமுங்கும். மணல் சிறிதளவே அமுங்கும். நீர் திரும்பினால் ஓரளவு நிமிரும். களிமண்ணோ நிறைய அமுங்கும், மெல்ல, ஆண்டுக்கணக்கில் அமுங்கும், பெரும்பாலும் நிமிராது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் பாசனத்துக்காக நீரை இறைத்தனர். 1925 முதல் 1977 வரை அங்கே ஓரிடத்தில் நிலம் ஏறத்தாழ 9 மீட்டர் தாழ்ந்தது. ஜோசப் போலண்ட் என்ற நிலவியலார் ஒரு மின்கம்பத்தின் அருகே நிற்க, 1925-இல் தரை இருந்த மட்டம் அவர் தலைக்கு மேலே வெகு உயரத்தில் குறிக்கப்பட்டிருக்கும் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. அங்கே கரியும் இல்லை, சுரங்கமும் இல்லை. நீரை இறைத்ததே போதுமாயிருந்தது.

குன்றும் குழியும்

நெய்வேலியில் நிலத்தின் தோற்றமும் மாறிவிட்டது. 1 டன் கரிக்கு 5 கன மீட்டருக்கும் மேல் மண்ணை அகற்ற வேண்டும். சமவெளியாக இருந்த இடத்தில் அம்மண் குன்றாக நிற்கிறது. கரி எடுத்த பகுதியைப் பின்னிருந்து மண்ணால் நிரப்பி வருகிறார்கள். மரங்கள் நட்டு வளர்க்கிறார்கள். எனினும், மண் அடுக்கு அடுக்காகப் படிந்த பழைய ஒழுங்கு திரும்புவதில்லை. பரவனாற்றின் போக்கு சுரங்கத்திற்காக மாற்றப்பட்டது. 2023 சூலையில் வளையமாதேவி அருகே அவ்வாற்றுக்குப் புதிய கால்வாய் வெட்ட, கதிர் வரும் முன்பே நெல்வயலுக்குள் எந்திரங்கள் இறங்கிய காட்சியைச் செய்தித்தாள்களில் பலரும் கண்டிருப்பீர்கள்.

ஜெயங்கொண்டம் பகுதியிலும் பழுப்பு நிலக்கரி உண்டு. 1990-களின் பிற்பகுதியில் சுரங்கமும் மின்நிலையமும் அமைப்பதற்காக ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் கையகப்படுத்தப்பட்டது. இழப்பீடு போதாதென்று வழக்குகள் நடந்தன. சுரங்கம் வரவில்லை. ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழித்து அரசு திட்டத்தைக் கைவிட்டு, நிலத்தை உரியவர்களுக்கே திருப்பித் தர முன்வந்தது. 2023-இல் அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டியும் நிலக்கரி ஏலப் பட்டியலில் இடம்பெற்றது. எதிர்ப்பு எழவே, ஏப்ரல் மாதத்தில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, வடசேரி ஆகியவற்றுடன் அதுவும் நீக்கப்பட்டது. ஒரு மண்வெட்டி விழாமலே அவ்வூர்களில் ஒரு தலைமுறை “நாளை நம் நிலம் நமதா?” என்ற கேள்வியோடு வாழ்ந்திருக்கிறது. என் மாணவனின் வினா அங்கிருந்து வந்தது.

மாணவனுக்கு விடை

கோயில் இறங்கிவிடுமா? ஏறத்தாழ 55 மீட்டர் உயர விமானத்தை ஆயிரம் ஆண்டுகளாக அந்த மண் தாங்கி நிற்கிறது. கோயிலுக்கு அடியில் எவரும் குடையப் போவதில்லை, சட்டமும் விடாது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. ஆனால் சட்டம் அளப்பது தரைமேல் தொலைவை. நீரழுத்தக் குறைவோ 300 மீட்டரில் நின்றுவிடாது. எனவே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும். “எவ்வளவு தொலைவில் வெட்டுவீர்கள்?” என்பதோடு, “எவ்வளவு தொலைவு வரை நீர்மட்டம் இறங்கும்? அங்கே களிமண் எவ்வளவு? எல்லா இடமும் ஒரே சீராகத் தாழுமா?” என்றும் கேட்க வேண்டும். கோயிலைப் போலவே பள்ளிக்கூடத்துக்கும் ஓட்டு வீட்டுக்கும் வாய்க்கால் மதகுக்கும் இக்கேள்வி பொருந்தும்.

இவை அளந்து விடை காணக்கூடிய கேள்விகள். மட்டக் கற்களை நட்டு ஆண்டுதோறும் அளக்கலாம். விண்ணிலிருந்தும் அளக்கலாம். 2025 சூலை 30-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய–அமெரிக்கக் கூட்டு முயற்சியான நிசார் செயற்கைக்கோள், தரை சென்டிமீட்டர் அளவில் அசைந்தாலும் ரேடார் அலைகளால் கண்டுகொள்ளும் திறனுடையது. ஆனால் எந்த அளவீட்டுக்கும் தொடக்க மட்டம் வேண்டும். வெட்டிய பிறகு அளக்கத் தொடங்கினால், இழந்தது எவ்வளவு என்று எவராலும் நிறுவ முடியாது.

இவ்வூர் மண் முன்பும் மனிதர் கையால் மாறியதுதான். 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது கோயிலின் மதிற்சுவர்க் கற்களைப் பெயர்த்து எடுத்துச் சென்றார்கள். அதற்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் இராசேந்திரன் இங்கே சோழகங்கம் என்னும் ஏரியை வெட்டுவித்தான். ஏறத்தாழ 16 மைல் நீளக் கரை கொண்ட அதை, நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகிறது. இன்று அதன் பெயர் பொன்னேரி. அவன் மண்ணை வெட்டியது நீரைத் தேக்க. கரிச் சுரங்கத்தில் மண்ணை வெட்டுவதற்காக நீரை வெளியேற்றுகிறோம்.

என் மாணவன் இப்போது ஒரு வேலை செய்து வருகிறான். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று தன் வீட்டுக் கிணற்றில் கயிறு விட்டு, கைப்பிடிச் சுவரிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து நோட்டில் குறித்துக்கொள்கிறான். செலவு ஒன்றுமில்லை. நீங்களும் உங்கள் ஊரில் தொடங்கலாம்.